பொதுக் கிணறும் பொது வானும்: தேர்தல் ஒலிபரப்பில் சிறு கட்சிகளின் பங்கு

ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நின்று வெள்ளிவிழாக் காண்பது எளிய செயலன்று. நடவுக் கூலியிலும் அறுவடைக் கூலியிலும் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் உழைப்பே இச்சங்கத்தின் மூலதனம். அத்தகைய சங்கத்தின் மலரில் தேர்தல் காலத்து வானொலியையும் தொலைக்காட்சியையும் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. எழுதப் படிக்கக் கற்றவன் தன் கருத்தைப் பிறர் செவியில் சேர்க்கும் வழியையும் கற்க வேண்டும். அவ்வழி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைபட்டிருந்தது என்னும் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அரசுப் பணியாளராகிய நாம் எக்கட்சியையும் சார்ந்து இங்கு எழுதவில்லை. தேர்தல்தோறும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றும் ஆசிரியர் கூட்டத்தில் ஒருவராய் நின்று, சட்டமும் வரலாறும் கூறுவனவற்றையே தொகுத்துரைக்கிறோம்.

1924 என்னும் ஆண்டு

வரலாற்றில் சில ஆண்டுகள் தம்முள் தொடர்பில்லாதன போலத் தோன்றும் நிகழ்ச்சிகளைத் தாங்கி நிற்கும். 1924 அத்தகையது. அவ்வாண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் அவர்கள் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுத் தெருக்கள், பொதுக் கிணறுகள், பொது இடங்கள் ஆகியவற்றை ஆதிதிராவிடர் உள்ளிட்ட எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் பிறந்தது.

அதே 1924இல் சென்னையில் ஆர்வலர் சிலர் கூடி மாகாண வானொலி மன்றத்தைத் தொடங்கி ஒலிபரப்பினர். நம் நாட்டு வானொலியின் தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று.

அதே 1924இல் இங்கிலாந்தின் பொதுத்தேர்தலில், அங்கு முதன்முறையாகக் கட்சித் தலைவர்கள் வானொலி வழியே வாக்குக் கேட்டனர். மூன்று கட்சித் தலைவர்களுக்கும் தலா ஒரு முறை வாய்ப்பு வழங்கப்பட்டது. தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டு கிளாஸ்கோ நகரப் பொதுக்கூட்டத்தில் பேசியதை அப்படியே ஒலிபரப்பினர். மேடையில் நடந்தும் திரும்பியும் பேசிய அவருடைய குரல் கேட்போர் செவிக்குச் சீராக எட்டவில்லை. பழைமைக் கட்சித் தலைவர் பால்டுவினோ அமைதியான அறையில் அமர்ந்து, வீட்டாரோடு உரையாடுவதுபோல் பேசினார்; அப்பேச்சே மக்களைக் கவர்ந்தது. நேரம் சமமாயினும் கருவியைக் கையாளும் பயிற்சி சமமில்லாவிடின் பயன் வேறுபடும் என்னும் பாடம் அன்றே கிடைத்தது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் இணைக்கும் இழை ஒன்றுண்டு. தெருவும் கிணறும் பொதுவெனில், ஒலி செல்லும் வானும் பொதுவே. 1995ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை மக்கள் நலனுக்கேற்பவே பயன்படுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஆனால் 1924இல் ஆணை பிறந்ததும் எல்லாக் கிணறுகளும் திறந்துவிடவில்லை என்பதை நம் முன்னோர் அறிவர். பொதுவான் எந்த அளவிற்குத் திறந்தது என்பதை இனிக் காண்போம்.

காவிரி நாட்டில் வானொலி

சென்னை வானொலி நிலையம் 1938 சூன் திங்களிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே திங்களிலும் தொடங்கப்பெற்றன. தஞ்சை மாவட்டத்திற்குத் திருச்சி நிலையமே உற்ற துணையாயிற்று. கருநாடக இசையும் நாடகமும் செய்தியும் அவ்வழியே கழனி நாட்டிற்கு வந்தன.

வானொலிப் பெட்டி வாங்கும் வசதி அந்நாளில் மிராசுதார் வீடுகளுக்கே இருந்தது. பின்னர் ஊராட்சி மன்றங்களுக்குப் பொது வானொலிப் பெட்டிகள் வந்தன. மாலையில் ஒலிபெருக்கி பாடும்; மக்கள் கூடிக் கேட்பர். நாம் அறிந்த ஊர்களில் அப்பெட்டி ஊர்த்தெருவின் மன்றக் கட்டடத்தில் இருந்தது. சேரி மக்கள் வாய்க்காலுக்கு இப்பால் நின்று, காற்று கொண்டுவந்த அளவே கேட்டனர். காற்று திசை மாறினால் செய்தியும் மாறிப் போகும்.

வானொலியின் ஆற்றலை உலகமே வியந்து நோக்கிய நிகழ்ச்சி ஒன்று நம் தஞ்சையில்தான் நடந்தது. 1960களில் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை ஆய்வு நிலையத்தின் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலியின் உழவர் நிகழ்ச்சி 1966 முதல் இடைவிடாது எடுத்துரைத்தது. விதைப்பு, உரமிடல், பயிர்ப் பாதுகாப்பு எனக் காலமறிந்து அறிவுரை வழங்கிற்று. குறுவைப் பருவத்தில் அந்நெல் விரைந்து பரவியது. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டினர். விதையின் பெயரையே மாற்றும் வலிமை ஒலிபரப்புக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

அந்நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும் பெரும்பாலும் நம் மக்கள். விளைச்சல் பெருகிய அக்காலத்தில் கூலி உயர்வுக்கான போராட்டமும் வலுத்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயின. உழவர் நிகழ்ச்சியின் நோக்கம் விளைச்சலைப் பெருக்குவது. கூலியைப் பற்றி வாதிடுவது அதன் வேலையன்று என்பது உண்மையே. கூலியைப் பேச வேண்டியவை சங்கங்களும் கட்சிகளும். அவற்றிற்கோ வானொலியில் இடம் இல்லை. விதை நெல்லின் குரல் வீடுதோறும் கேட்ட நாட்டில், அதை நட்ட கையின் குரல் தேர்தல் காலத்திலுங்கூட வானேறவில்லை.

யானைச் சின்னமும் இழந்த அங்கீகாரமும்

நம் சமூகம் அச்சுக் கருவியின் அருமையை முன்னரே உணர்ந்திருந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஆயினும் படிக்கத் தெரிந்தோர் சிலரே. எழுத்தறியாதோர்க்கும் செய்தி சொல்லவல்ல கருவி வானொலி ஒன்றே. அக்கருவி அரசின் கையில் இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் வானொலியில் பேசியதுண்டு. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பம்பாய் நிலையத்தில் பேசினார். 1954 அக்டோபரில் தம் வாழ்க்கைத் தத்துவத்தைப் பற்றிப் பேசினார். அரசின் உறுப்பினராகவும் அறிஞராகவும் அவருக்கு ஒலிவாங்கி கிடைத்தது. 1951-52 தேர்தலில் ஒரு கட்சியின் தலைவராக வாக்குக் கேட்க அது கிடைக்கவில்லை.

அத்தேர்தலில் 14 கட்சிகள் தேசியக் கட்சிகளாக ஏற்கப்பட்டிருந்தன. அண்ணலின் பட்டியலினத்தார் கூட்டமைப்பும் அவற்றுள் ஒன்று. அதன் சின்னம் யானை. நாடு முழுவதும் 2.38 விழுக்காடு வாக்கும், நாடாளுமன்றத்தில் 2 இடங்களும் அது பெற்றது. தேர்தல் முடிந்தபின் 3 விழுக்காடு வாக்கு என்னும் அளவுகோல் வந்தது. 14 கட்சிகளுள் 4 மட்டுமே தேசியக் கட்சிகளாக நிலைத்தன. யானை அப்பட்டியலிலிருந்து வெளியேறியது. பெற்ற வாக்கைக் கொண்டு ஒரு கட்சியின் தகுதியை அளக்கும் முறையின் முதல் விளைவை நம் மக்கள் அன்றே கண்டனர்.

1977: கதவு சற்றே திறந்தது

1951-52 முதல் 1971 வரை ஐந்து நாடாளுமன்றத் தேர்தல்கள் நடந்தன. அவற்றுள் எதிலும் கட்சிகளுக்கென வானொலியில் நேரம் ஒதுக்கப்படவில்லை. அமைச்சர்களின் சுற்றுப்பயணமும் திறப்புவிழாக்களும் செய்திகளாயின. ஆட்சியில் இல்லாதவர்க்கு அவ்வழி இல்லை. வானொலியைத் தன்னுரிமையுடைய கழகமாக்க வேண்டுமென 1966இல் சந்தா குழு பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்நிலை முற்றியது. அக்காலத்து வானொலியை மக்கள் பிரதமரின் பெயரால் எள்ளி அழைத்தனர். 1977 பிப்ரவரி 2இல், தாழ்த்தப்பட்ட மக்களின் பெருந்தலைவராகவும் மூத்த அமைச்சராகவும் விளங்கிய பாபு ஜகஜீவன்ராம் அமைச்சரவையைத் துறந்து ‘ஜனநாயகத்துக்கான காங்கிரஸ்’ என்னும் புதிய கட்சியைக் கண்டார். நான்கு நாள் கழித்து தில்லி ராம்லீலா திடலில் மாபெரும் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்தது. அன்று மாலை தொலைக்காட்சியில் ‘பாபி’ என்னும் புகழ்பெற்ற திரைப்படம் காட்டப்பட்டது. மக்களை வீட்டிலேயே இருத்தி வைக்கச் செய்த சூழ்ச்சி அது என்று அன்றே பேசப்பட்டது. மக்களோ படத்தை விட்டுத் திடலுக்குத் திரண்டனர்.

அதே 1977 தேர்தலில்தான் முதன்முறையாகக் கட்சிகள் அரசின் வானொலி, தொலைக்காட்சி வழியே கட்டணமின்றி வாக்குக் கேட்க இடம் பிறந்தது. பின்னர் சட்டமன்றத் தேர்தல்களுக்கும் இவ்வசதி விரிந்தது. ஆட்சி மாறியபின் நெருக்கடிக் காலத்தில் செய்தி ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டமை குறித்து வெள்ளை அறிக்கை வெளியாயிற்று. 1978இல் வர்கீஸ் குழு தன்னுரிமைக் கழகம் அமைக்கப் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. 1966இல் சொன்ன கருத்து செயலாக 31 ஆண்டுகள் ஆயின.

இன்றைய விதி

1998 சனவரியில் தேர்தல் ஆணையம் ஒரு முறையான திட்டத்தை வகுத்தது. 2003இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு இதற்குச் சட்ட வலிமை கிடைத்தது. திட்டத்தின் நடைமுறை இது: அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும் சமமான அடிப்படை நேரம் உண்டு. சட்டமன்றத் தேர்தலில் அது பொதுவாக 45 நிமிடம். கொள்ளைநோய்க் காலத் தேர்தல்களில் இருமடங்காக்கப்பட்டது. அதற்குமேல், முந்தைய தேர்தலில் பெற்ற வாக்குக்கு ஏற்பக் கூடுதல் நேரம் உண்டு. எந்நாள், எவ்வேளை என்பதைக் கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் குலுக்கல் முறையில் முடிவு செய்வர். பேச்சின் படியை முன்கூட்டியே தர வேண்டும்.

இத்திட்டத்தின் நன்மையை நாம் மறைத்தல் ஆகாது. ஆளுங்கட்சிக்கும் அதன் எதிரில் நிற்கும் நடுத்தரக் கட்சிக்கும் ஒரே அடிப்படை நேரம் என்பது பெரிய முன்னேற்றம். எவர் தயவுமின்றி விதியால் வந்த உரிமை அது.

ஆனால் சட்டப் பிரிவின் சொற்களை ஊன்றிப் படித்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் ‘கடந்தகாலச் செயல்பாட்டின்’ அடிப்படையில் நேரம் பகிரப்படும் என்கிறது அது. அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சிக்கு ஒரு நிமிடமும் இல்லை. அங்கீகாரம் பெறவோ, 1968ஆம் ஆண்டுச் சின்ன ஒதுக்கீட்டு ஆணையின்படி, குறிப்பிட்ட வாக்கு விழுக்காடோ இடங்களோ வேண்டும். சட்டமன்றத்தில் 6 விழுக்காடு வாக்கும் 2 இடங்களும் என்பது அவ்வழிகளுள் ஒன்று.

இதனைக் காவிரி நாட்டார்க்கு எளிதில் விளக்கலாம். தலைமடை வயல் சென்ற ஆண்டு மிகுதியாக விளைந்தது. ஆகவே இவ்வாண்டும் அதற்கே மிகுதியாக நீர் விடுவோம், கடைமடை விளைந்து காட்டட்டும், பின்னர் நீர் தருவோம் என்று நீர்ப்பாசனத் துறை சொல்லுமாயின் நம் உழவர் ஏற்பரோ? நீர் இன்றி விளைவது எங்ஙனம்? செவிக்கு எட்டாத கட்சி வாக்குப் பெறுவது எங்ஙனம்?

விதிக்கு வெளியே நின்றோர்

நம் காலத்துச் சான்றுகள் இரண்டைக் காட்டலாம். விடுதலைச் சிறுத்தைகள் கட்சி 1999இல் தேர்தல் களம் புகுந்தது. 2021இல் சட்டமன்றத்திற்கு 6 இடங்களில் நின்று 4 இடங்களில் வென்றது. 2024இல் நாடாளுமன்றத்திற்கு 2 உறுப்பினர்களை அனுப்பியது. 2025 சனவரியில்தான் மாநிலக் கட்சியாக ஏற்கப்பட்டுப் பானைச் சின்னம் அதற்கு உரியதாயிற்று. களம் புகுந்தது முதல் அங்கீகாரம் வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள். நம் சங்கத்தின் வயது.

மற்றொன்று, தஞ்சைப் பண்ணையாட்களின் போராட்டத்தில் நெடுங்காலம் பங்குகொண்ட இந்தியப் பொதுவுடைமைக் கட்சி. 1952 முதல் தேசியக் கட்சியாக விளங்கிய அது, 2023 ஏப்ரலில் அத்தகுதியை இழந்தது. ஏறும் கட்சிக்கும் இறங்கும் கட்சிக்கும் ஒரே அளவுகோல். அது பின்னோக்கியே பார்க்கிறது.

வாக்குச்சாவடியில் பணியாற்றுவோர் மற்றொன்றையும் காண்கிறோம். வாக்குப்பதிவுப் பொறியில் முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளர் பெயர்கள். அடுத்துப் பதிவுபெற்ற பிற கட்சியினர். கடைசியில் தனித்து நிற்போர். வானொலியில் இல்லாத கட்சி பொறியிலும் கீழே நிற்கிறது. அதன் சின்னமோ வேட்புமனு முடிந்தபின்தான் உறுதியாகும். எழுத்தறியா முதியவர் ஒருவர் இரண்டு வாரத்தில் ஒரு புதிய சின்னத்தை எங்ஙனம் நெஞ்சில் பதிப்பார்?

இடம் கிடைத்தவர்க்கும் சொல் முழுதும் கிடைப்பதில்லை. பிற நாடுகளைப் பழித்தல், சமயங்களையும் சமூகங்களையும் தாக்குதல், பெயர் சுட்டிக் குறை கூறல் போன்றவை கூடாதென விதிகள் உள. இவற்றுள் பல நியாயமானவையே. ஆயினும் 2024 தேர்தலில் மார்க்சியக் கட்சியின் சீதாராம் யெச்சூரி, பார்வர்டு பிளாக் கட்சியின் தேவராஜன் ஆகியோர் பேச்சுகளிலிருந்து சில சொற்களை நீக்கச் செய்தமை நாளிதழ்களில் வெளியாயிற்று. ‘கொடுஞ்சட்டங்கள்’ என்னும் பொருள்படும் சொல்லும், ‘முஸ்லிம்கள்’ என்னும் சொல்லும் அவற்றுள் அடங்கும். ஒரு சமூகத்தின் பெயரையே சொல்லக்கூடாதெனில், அச்சமூகத்தின் குறையை எச்சொல்லால் எடுத்துரைப்பது?

பணமும் அலைவரிசையும்

1993இல் சன் தொலைக்காட்சி தோன்றியபின் தமிழகத்தின் நிலை வேறாயிற்று. 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர் எனக் கட்சிகளோடு தொடர்புடைய தொலைக்காட்சிகள் எழுந்தன. 2004இல் உச்ச நீதிமன்ற ஆணையின்படி, முன்சான்று பெற்றுக் கட்சிகள் தொலைக்காட்சியில் கட்டண விளம்பரம் செய்யவும் வழி பிறந்தது. 39அ பிரிவு கம்பிவழித் தொலைக்காட்சியையும் பிற மின் ஊடகங்களையும் பெயர் சுட்டுகிறது. எனினும் நடைமுறையில் இலவச நேரம் பகிரப்படுவது அரசு சார்ந்த ஒலிபரப்பில் மட்டுமே. ஆகவே பணமுள்ளோர் பணத்தால் நேரம் பெறுகின்றனர். வாக்குள்ளோர் வாக்கால் பெறுகின்றனர். இரண்டும் இல்லாதோர் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாய்ச் செல்கின்றனர்.

நாம் வேண்டுவது

பதிவுபெற்ற கட்சிகள் இரண்டாயிரத்திற்கு மேல் இருக்க, எல்லார்க்கும் நேரம் தருவது எங்ஙனம் என்னும் வினா நியாயமானது. பெயரளவில் இருந்த கட்சிகள் பலவுண்டு என்பதும் உண்மை. ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நில்லாத நூற்றுக்கணக்கான கட்சிகளை ஆணையமே 2025இல் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆகவே பதிவு மட்டும் அளவாகாது.

பிற நாடுகள் வேறு அளவுகோல்களைக் கண்டுள்ளன. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நிலையம் ஒரு வேட்பாளர்க்கு நேரம் தந்தால் எதிர்நிற்போர்க்கும் சமவாய்ப்புத் தர வேண்டும். ஆயினும் 1960இல் கென்னடியும் நிக்சனும் வாதிட்டபோது, சிறு வேட்பாளர்கள் இடம்பெறாதவாறு அவ்விதியை நிறுத்தி வைத்தனர். இங்கிலாந்தில் மொத்தத் தொகுதிகளில் ஆறில் ஒரு பங்கில் வேட்பாளரை நிறுத்தும் கட்சி, முன்பு வாக்கு எதுவும் பெறாவிடினும், தேர்தல் ஒலிபரப்புக்குத் தகுதி பெறும். இது முன்னோக்கிப் பார்க்கும் அளவுகோல்.

நம் மாநிலத்தின் 234 தொகுதிகளில் ஆறில் ஒரு பங்கு 39 ஆகும். கூட்டணியில் ஆறு இடம் பெறும் சிறு கட்சிக்கு இது எட்டாது. ஆகவே வட்டாரம் நோக்கி இவ்வளவைச் சுருக்க வேண்டும் என்பது நம் கருத்து. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் 18 தொகுதிகள் உள்ளன. அவற்றுள் மூன்றில் நிற்கும் பதிவுபெற்ற கட்சிக்குத் திருச்சி வானொலி போன்ற வட்டார நிலையத்தில் ஐந்து நிமிடம் தந்தால் என்ன குறைந்துவிடும்? மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அறிய விரும்பும் மக்கள், தம் கூலியையும் குடியிருப்பு மனையையும் சுடுகாட்டுப் பாதையையும் பற்றி ஒரு கட்சி சொல்வதை ஐந்து நிமிடம் கேட்கமாட்டார்களோ?

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதைக் கேட்பது குடிமக்களின் வேலை. நம் சங்கத்தில் பயின்ற வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் இக்கோரிக்கையை முறையாக எழுதி ஆணையத்திற்கு அனுப்பலாம். மற்றொரு பணி நம் கையிலேயே உள்ளது. ஐந்து நிமிடத்தில் தெளிவாகவும் பண்பாகவும் சான்றுகளோடும் பேசும் பயிற்சியை நம் மாணவர்க்கு இன்றே தொடங்குவோம். மக்டொனால்டு 1924இல் பெற்ற பாடத்தை நம் பிள்ளைகள் மீண்டும் பெற வேண்டியதில்லை.

பொதுக் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமை, ஒருவர் நேற்று எத்தனைக் குடம் மொண்டார் என்பதைப் பொறுத்ததன்று. அவர் ஊர்க்குடி என்பதைப் பொறுத்தது. பொது வானுக்கும் அந்நீதியே வேண்டும். வெள்ளிவிழாக் கண்ட சங்கம் பொன்விழாக் காணும் நாளில், காவிரியின் கடைமடை ஊர் ஒன்றிலிருந்து எழும் சிறிய குரலும் வானொலியில் தன் முறை வந்து பேசக் கேட்போமாக. வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!